இடது கைப் பிடி

தையல் கோணலாத்தான் இருக்கு தம்பி. நான் இல்லன்னு சொல்லலயே. நடுவுல நாலஞ்சு தையலு ஏறி எறங்கிக் கெடக்கு, எனக்கே பாக்கப் பிடிக்கல. கத்தியில கொற இருந்தாச் சொல்லுங்க, வேற செஞ்சு தாரேன். ஒறையில கொற இருக்கத்தான் செய்யும், ஏன்னா அது எங்கம்மா தச்சதில்ல. நான் தச்சது. பேஜ்ல நீங்க பாத்தீங்கல்ல, எறும்பு வரிச பிடிச்ச மாதிரித் தையலு, அதெல்லாம் எங்கம்மா. இத மட்டும் அதுகிட்டக் குடுக்கல. ஏன்னு அப்புறம் சொல்றேன். சொல்லாம விட்டாலும் விடுவேன், தெரியல.

மொதல்ல ஒக்காருங்க. அந்த ஸ்டூலு வேணாம், பேண்ட்டெல்லாம் இரும்புத்தூளாயிரும். இங்கிட்டு. கத்தியக் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? ஓசூர்ல இருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க, வெறுங்கையோட அனுப்புவேனா. வீடியோ மட்டும் வேணாம்னுதான் சொல்றேன். ஒங்கப்பா பெட்டியப் பிரிக்கிறது, கத்தியத் தூக்கிப் பாக்குறது, இடுப்புல ஒறைய மாட்டிக்கிட்டு நிக்கிறது, ஒண்ணும் வேணாம். எடுத்தே ஆகணும்னா எடுத்து ஒங்க போன்லயே வச்சுக்கங்க. எங்க பேஜுக்கு அனுப்பாதீங்க, டேக் பண்ணாதீங்க. அந்த ஒரு வாக்கக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.

அக்கான்னு கூப்பிடாதீங்க. ஐரின்னே சொல்லுங்க. இல்லன்னா மேடம்னு சொல்லுங்க, ஒங்க கம்பெனியில அப்படித்தானே சொல்வீங்க.

ஏனா? போலீஸ் பிரச்சனதான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பய பட்டாக்கத்திய வச்சு கேக்கு வெட்டி வீடியோ போட்டான், மறுநாளு ஸ்டேஷன்ல குத்த வச்சு ஒக்காந்திருந்தான். நீங்க போட்டா என்னயத்தான் வந்து கேப்பாங்க, யாருக்குச் செஞ்ச, எதுக்குச் செஞ்சன்னு. சிரிக்கிறீங்க. வாழ எல அறுக்குற கத்திக்கு எவன் வந்து கேப்பான், அதானே? சரி, அப்ப காப்பி அடிச்சிருவாங்கன்னு வச்சுக்கங்க. அதுவும் நம்ப மாட்டீங்களா. மத்தவங்க எல்லாரும் போட்டிருக்காங்கதான். நானே கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போட்டதுதான் அம்புட்டும். போடலன்னா வியாபாரம் ஏது?

அம்புட்டையும் எங்கம்மா பாக்கும். அதான் வெசயம். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு போனோட ஒக்காந்திரும். ஆளு மூஞ்சியப் பாக்காது. இடுப்பப் பாக்கும், ஒற சரியாத் தொங்குதா, உள்ள கத்தி ஆடுதான்னு. அப்புறம் கையப் பாக்கும். கத்தியப் பிடிச்சிருக்குற கைய நிப்பாட்டி, பெருசாக்கி, பொறுமையாப் பாக்கும். பாத்துட்டு ஒரு செபம் சொல்லும். இந்தக் கைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது மாதாவேன்னு. எங்க கத்தி வாங்குன ஒவ்வொருத்தர் கைக்கும் செபம் உண்டு. அதுக்குத் தனியாக் காசு வாங்குறதில்ல.

இப்ப வீட்டுல இல்ல. கோயிலுக்குப் போயிருக்கு, கல்லறத் திருநாளு வருதுல்ல, செத்தவங்களுக்குப் பூச வைக்கப் பேரு குடுத்துட்டு வரணும்னு போயிருக்கு. அது வாரதுக்குள்ள நீங்க கெளம்பிட்டா நல்லது. வெரட்டுறேன்னு நெனச்சுக்காதீங்க. வெரட்டத்தான் செய்றேன்.

டீ வேணுமா? வேணாமா, சரி.

பிடி எப்படி இம்புட்டுச் சரியா வந்துச்சுன்னா... எடுத்துப் பாத்தீங்களா நீங்க? ஒங்க கைக்கு அது ஒக்காராது, நீங்க வலதுகை. ஒங்கப்பா கையில குடுத்துப் பாருங்க. கத்தி என்னமோ லாரி ஸ்பிரிங் பட்டதான். பழைய பட்டய அறுத்து, தீட்டி, பழுக்கக் காச்சி எண்ணெயில எறக்குறது. அத ஊருல நாலு பேரு செய்வான். பிடிதான் நம்ம வேல. புளிய மரத்து வைரம், நடுவுல மூணு பித்தள ஆணி. பூட்டுக்குள்ள போடுற பித்தளக் கம்பிதான், திண்டுக்கல்லுல அதுக்கா பஞ்சம்? ஆனா பிடிய அளவெடுத்துச் செய்யணும். அதுக்குத்தான் கொரியர்ல அந்த க்ளே உருண்டைய அனுப்புறது. சின்னப் பிள்ளைங்க வெளையாடுறதுதான். யாருக்குக் கத்தியோ அவங்க அத ஒரு தடவ கத்தி பிடிக்கிற மாதிரி அமுக்கிப் பிடிச்சு, அப்படியே திருப்பி அனுப்பணும். எந்த வெரலு எங்க அழுத்துது, கட்டவெரலு மேல நிக்குதா பக்கத்துல சாயுதா, எல்லாம் அதுல விழுந்திரும். அப்புறம் ஒரு வீடியோ கேப்பேன், வீட்டுல இருக்குற கத்திய வச்சு எதையாச்சும் வெட்டுற மாதிரி. வேல செய்யும்போது கை வேற மாதிரி இருக்கும், அதுக்காக.

நீங்க என்ன சொல்லி அவர அமுக்க வச்சீங்க? ஓ, கையப் பாத்து வயசு சொல்ற கேமுன்னு சொன்னீங்களா. நல்லாத்தான் ஏமாத்தியிருக்கீங்க. பரவால்ல, அவருக்கும் ஒருத்தன் கெடச்சான்.

ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

இங்க வாரவங்கள்ல பாதிப் பேரு எட்டிப் பாத்துட்டு, அண்ணன் இல்லயாம்மான்னு கேப்பாங்க. எந்த அண்ணன்? நான் ஐடிஐயில ஃபிட்டர் முடிச்சவ, இந்த கிரைண்டர் நான் வாங்குனது, இந்தத் தழும்பு நான் வாங்குனது. அப்பா செஞ்ச தொழிலாம்மான்னு அடுத்து கேப்பாங்க. இல்லங்க, எங்கப்பா பூட்டுப் பட்டறையில தகடு வெட்டுற பிரஸ் ஓட்டுனவரு. கத்தி செய்யத் தெரியாது. ஞாயித்துக்கெழம கறி நறுக்கத் தெரியும். அம்புட்டுத்தான் அவருக்கும் கத்திக்கும். இருந்தாலும் கேப்பாங்க. ஆம்பள இல்லாம ஒரு வீட்டுல இரும்பு இருக்கக் கூடாது போல.

நீங்க கேக்கல, தெரியும். நீங்க மரியாதையான பிள்ளயாத்தான் தெரியுறீங்க. மொதச் சம்பளத்துல அப்பாவுக்குக் கத்தி. நல்ல மனசு. நான் மொதச் சம்பளத்துல எங்கப்பாவுக்கு என்ன வாங்குனேன் தெரியுமா? மெழுகுவத்தி. கல்லறையில காத்தடிக்கும்ல, அணஞ்சு போகாம எரியிற மாதிரி நல்ல கனத்த மெழுகுவத்தி, ஒரு பாக்கெட்டு.

ஆமா, செத்துட்டாரு. வருத்தப்படாதீங்க. ரொம்ப வருசமாச்சு.

ஒங்கப்பாவுக்கு அந்த வெரலு எப்படிப் போச்சு? ஆள்காட்டி வெரல்ல பாதிதானே இருக்கு, க்ளேயில தெரிஞ்சுச்சே. சைக்கிள் செயின்லயா? சின்ன வயசுலயா? அப்படியா சொன்னாரு. ம். சைக்கிள் செயின்.

சைக்கிள் செயின்ல மாட்டுனா நசுங்கும் தம்பி. இம்புட்டு நேரா வெட்டுப்படாது. பரவால்ல, விடுங்க. பிள்ளைங்களுக்கு எதையாச்சும் சொல்லணும்ல.

இன்னொரு நாளு அவரையே இங்க கூட்டிட்டு வந்து பட்டறையக் காட்டணுமா? வேணாம். வர மாட்டாரு. வரவே மாட்டாருன்னு நீங்களே சொல்றீங்க பாருங்க. திண்டுக்கல்லுன்னாலே ஆகாதா? பழனிக்குப் போனாக்கூட தாராபுரம் வழியாத்தான் போவாரா? மதுரையில கல்யாணம்னா ஒடம்பு சரியில்லாமப் போயிருதா? சிரிப்பு வருது எனக்கு. இந்த ஊரு தண்ணி ஒத்துக்காதுன்னு சொன்னாரா. ஒத்துக்காதுதான். எங்களுக்கே சில நேரம் ஒத்துக்கிறதில்ல.

வீடியோவ விட மாட்டேங்கிறீங்க. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களாக்கும். சரி, அப்ப எங்கப்பா செத்த கதையச் சொல்றேன். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

எனக்குப் பத்து வயசு. பிரஸ்ல கை மாட்டுனதுக்கப்புறம் எங்கப்பாவால பட்டறையில நிக்க முடியல. மொதலாளி அவர லைனுக்கு அனுப்புனாரு. பூட்டு மாதிரிய ஒரு பையில போட்டுக்கிட்டு, சேலம், தருமபுரி, ஓசூருன்னு கட கடையா ஏறி ஆர்டர் பிடிக்கணும். மாசத்துல பாதி நாளு வீட்டுல இருக்க மாட்டாரு. தெருவுல பேச்சு கெளம்பிருச்சு. லைன்ல ஒருத்தி இருக்காளாம், அங்கயும் அடுப்பு எரியுதாம். தண்ணிக் கொழாயில கொடத்த வச்சுட்டு எங்கம்மா காதுபடவே பேசுவாளுக. எங்கம்மா நெறையாத கொடத்தத் தூக்கிட்டு வந்திரும். அவரு வந்தா சண்டயும் போடாது. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும், கறி நறுக்கக் குடுக்கும், அம்புட்டுத்தான்.

அந்த வருசம் கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பூச முடிஞ்சு சாப்பிட்டுட்டு, வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்ச இருக்கு, தனியாத்தான் போகணும்னு கெளம்புனாரு. நானும் வாரேன்னு அழுதேன். அடுத்த வருசம்னு சொன்னாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, எடது கையாலதான் தலயத் தடவுனாரு.

ஆமா. அந்த வருசந்தான். மறுநாள்தான் கடல் வந்துச்சு.

டிவியில பாத்துட்டு எங்கம்மா போட்ட சேலையோட கெளம்பிருச்சு. மாமா ஒருத்தர் கூடப் போனாரு. அங்க போயி என்ன பாத்துச்சுன்னு இதுவரைக்கும் எங்கிட்ட முழுசாச் சொன்னதில்ல. மாமாதான் பிற்பாடு சொன்னாரு. மூஞ்சியெல்லாம் அடையாளமே தெரியலயாம். வரிசையாப் போட்டிருந்தாங்களாம். எங்கம்மா மூஞ்சியப் பாக்காம எல்லாருக்கும் எடது கையத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சாம். ஆள்காட்டி வெரலு பாதி இருக்கான்னு. ஆம்பளக் கை அம்புட்டையும். யாரோ சிஸ்டர் வந்து பிடிச்சு இழுத்தாங்களாம், போதும்மா வாம்மான்னு. இன்னும் அந்தப் பக்கம் பாக்கலன்னு அழுதுச்சாம். பாக்காத ஆளுங்களையும் சேத்துக் குழி வெட்டி மூடிட்டாங்க.

தண்ணி குடிங்க. பாட்டிலு அந்தா இருக்கு.

ஒடம்பு கெடைக்கல. இங்க கல்லறையில அவரோட ஒரு சட்டையையும் ஒரு ஜோடிச் செருப்பையும் பொதச்சு, மேல சிலுவ நட்டோம். தெருவே வந்துச்சு. கொழாயடியில பேசுன அதே பொம்பளைங்க வந்து எங்கம்மா கால்ல விழாத கொறையா அழுதாளுக. தப்பாப் பேசிட்டோம் ரோஸ்மேரி, நேர்ச்சைக்குப் போன மனுசனைப் போயி இப்படிப் பேசிட்டோமேன்னு. எங்கம்மாவுக்கு அன்னைக்கித்தான் தல நிமிந்துச்சு. நான் சொல்றது ஒங்களுக்கு அசிங்கமா இருக்கும். ஆனா பக்கத்துல இருந்து பாத்தவ நான். புருசன் ஓடிட்டானோன்னு ஊரே பாத்த பொம்பளைக்கு, புருசன் செத்துட்டான்னு ஆனதும் ஒரு மரியாத வந்துச்சு. அன்பியத்துல, அதான் தெருக்காரங்க வீடு வீடாக் கூடுற செபக் கூட்டத்துல, செபம் சொல்லக் கூப்பிட்டாங்க. பேகம்பூர்ல தோல் வியாபாரம் பண்ற பாய் நம்பித் தோலக் கடனாக் குடுத்தாரு, சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிற பொம்பளைன்னு. அந்தத் தோல்ல பர்ஸு, பெல்ட்டு தச்சுத்தான் என்னயப் படிக்க வச்சுச்சு. கடல் எம்புட்டோ பேரு குடும்பத்த அழிச்சுச்சு. எங்கம்மாவுக்கு மட்டும் மானத்தக் குடுத்துட்டுப் போச்சு.

இப்ப ஒங்களுக்கு எத்தன வயசு? இருபத்தி ரெண்டா. அப்ப ரெண்டாயிரத்து மூணு.

கணக்குப் போட வேணாம், நான் ஏற்கெனவே போட்டுட்டேன். கடல் வந்தப்ப ஒங்களுக்கு ஒரு வயசு. ரெண்டாவது கிறிஸ்துமஸ். ஒங்க வீட்டுல கிறிஸ்துமஸ் கொண்டாடுவீங்களா? அம்மா இந்து, அதனால ரெண்டும் உண்டா. நல்லது.

எந்திரிக்காதீங்க. ஒக்காருங்க. நான் ஒங்களத் திட்டல. ஒங்க மேல கோவமே இல்லன்னு சொன்னா அது பொய்யி. இருக்கு. ஒரு வயசுப் பிள்ள என்ன பண்ணியிருக்கும்னு எனக்கும் தெரியும், தெரிஞ்சும் இருக்கு, என்ன செய்ய? அந்தத் தலைய அந்தக் கை எத்தன வருசம் தடவியிருக்கும்னு நெனச்சா வயிறு எரியிது.

மொதல்ல ஆர்டர்ல பேரப் பாத்தேன். செழியன் ஸ்தனிஸ்லாஸ். ஸ்தனிஸ்லாஸ்னு நம்ம பக்கம் பழைய ஆளுங்க நாலஞ்சு பேராச்சும் இருப்பாங்க, அப்படித்தான்னு விட்டுட்டேன். அப்புறம் க்ளே வந்துச்சு. பொட்டலத்தப் பிரிச்சு கையில எடுத்தேன். எடது கை, ஆள்காட்டி வெரலு பாதி, கட்டவெரலு மேல நிக்குது. பிரஸ்ல வெரலு போனவங்க இந்த ஊர்ல நெறையப் பேரு, அவங்கள்ல யாராச்சும் ஓசூரு போயிருக்கலாம்ல. அப்படியும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் நீங்க வீடியோ அனுப்புனீங்க, மாங்கா நறுக்குறது. நறுக்குறதுக்கு முன்னாடி கத்தி முதுகால பலகையில ரெண்டு தட்டு தட்டுறாரு. எங்க வீட்டுல அந்த ரெண்டு தட்டு கேட்டாத்தான் எனக்கு ஞாயித்துக்கெழம. கடைசியில ஒங்களப் பாத்துக் கேக்குறாரே, போதுமாடான்னு. அந்தக் கொரலு.

பேரக்கூட மாத்திக்கல பாருங்க மனுசன். ஓடுறவன் பேரையாச்சும் மாத்துவான். தான் செத்துப்போனதே அவருக்குத் தெரியுமோ என்னமோ. கடல் வந்த சேதியக் கேட்டு, ஓசூர்ல ஒக்காந்துக்கிட்டு, இது நல்லதாப் போச்சுன்னு நெனச்சிருப்பாரோ? இல்ல நாங்க தேடுவோம்னு ஒரு நாளாச்சும் தூங்காம இருந்திருப்பாரோ? அத மட்டும் ஒங்ககிட்டக் கேக்கணும்னு இருந்துச்சு. ஒங்களுக்கு எப்படித் தெரியும். தெரியாதுல்ல.

எங்கம்மா எல்லா க்ளேயையும் பாக்கும். அதுல கைய வச்சுப் பாத்து, இவரு வாத்தியாரு, இவரு கையில வேலையே இல்லன்னு சொல்லும். இத மறச்சு வச்சுத்தான் பிடி செஞ்சேன், முடிஞ்சதும் நசுக்கி உருட்டிட்டேன். ஒறையும் அதுகிட்டக் குடுக்க முடியல. எடதுகை ஒறன்னாலே யாருக்குன்னு கேக்கும். தோல வெந்நியில ஊற வச்சு, கத்திய உள்ள வச்சு, கத்தி உருவம் வார வரைக்கும் கையால அமுக்கணும். அந்தப் பிடிய எங்கம்மா ஒரு தடவ தொட்டாப் போதும். அதான் கோணத் தையலு. அது பூசைக்குப் போற நேரமாப் பாத்து நான் தச்சது.

போலீசுக்குப் போவேனா? எதுக்கு? நீங்க பயப்படுற மாதிரி ஒண்ணும் நடக்காது. சொத்தும் வேணாம், சோறும் வேணாம். அவரு உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சா எங்கம்மா சந்தோசப்படும்னு நெனைக்கிறீங்களா? அந்தக் கையெல்லாம் திருப்பிப் பாத்துச்சே, அது எதுக்குன்னு ஆயிரும். இருபத்தோரு வருசம் மெழுகுவத்தி ஏத்துனது எதுக்குன்னு ஆயிரும். கொழாயடியில பேசுனவளுக சொன்னதெல்லாம் நெசம்னு ஆயிரும், அவளுகள்ல பாதிப் பேரு இன்னும் இங்கதான் இருக்காளுக. எங்கம்மா விதவையாவே இருந்துட்டுப் போகட்டும் தம்பி. கஷ்டப்பட்டு வாங்குன பேரு அது. அதுக்குத்தான் வீடியோ வேணாம்னு சொன்னேன்.

அவருகிட்டச் சொல்றது ஒங்க இஷ்டம். கத்தி எங்க வாங்குனன்னு கேட்டா, திண்டுக்கல்லுன்னு சொல்லுங்க. யாரு செஞ்சான்னா ஐரின்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம். மீதிய அவரு பாத்துக்குவாரு. பிடி மட்டும் சரியா ஒக்காரும். பத்து வயசு வரைக்கும் அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தவ நான், எனக்கு க்ளே எதுக்கு?

இந்தாங்க. நாங்க கத்தியக் கையில குடுக்க மாட்டோம், பெஞ்சுல வைப்போம், நீங்க எடுத்துக்கணும். கை மாறுனா ரெண்டு பேருக்கும் சண்ட வரும்னு அம்மா சொல்லும். பரவால்ல, கையிலயே வாங்கிக்கங்க. இனிமே நமக்குள்ள என்ன சண்ட வரப் போகுது.

கண்ணத் தொடைங்க. அந்தா ஆட்டோச் சத்தம், அம்மாதான் எறங்குது. பைக்குள்ள வைங்க, சீக்கிரம். ஒறைய உள்ள தள்ளுங்க. ஒங்களப் பாத்தா விடாது, யாருக்கு வாங்குறீங்கன்னு கேக்கும். அப்பாவுக்குன்னு சொல்லுங்க, தப்பில்ல. பேரு என்னன்னு கேக்கும், செபத்துல சொல்லணும்ல. வேற எதாச்சும் பேரு சொல்லுங்க. ஸ்தனிஸ்லாஸ்ங்கிற பேர இப்பத்தான் செத்தவங்க பூசைக்குக் குடுத்துட்டு வருது.